மரத்தவளையின் தோல் ஒரு மருந்துக்கடையா?

‘தவளை தன் வாயால் கெடும்’ என்பது பழமொழி. அது தன் தோலால் பிழைக்கிறது என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது. அந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே போலும், சில பத்தாண்டுகளாகத் தவளைத் தோலைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. பொது அறிவியல் நூல்கள், பத்திரிகைத் துணுக்குகள், கல்லூரி மன்றங்களில் மாணவர்கள் படிக்கும் கட்டுரைகள் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே உவமை திரும்பத் திரும்ப வருகிறது: “மரத்தவளையின் தோல் ஓர் உயிருள்ள மருந்துக்கடை.”

உவமை அழகானதுதான். கேட்டவுடன் மனத்தில் பதிகிறது. ஆனால் அறிவியலில் ஓர் உவமை அழகாக இருந்தால் மட்டும் போதாது. உண்மையை விளக்க வேண்டும். குறைந்த அளவு, உண்மையை மறைக்காமலாவது இருக்க வேண்டும். மருந்துக்கடை உவமை எதை விளக்குகிறது, எதை மறைக்கிறது என்பதை உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதை எழுதுபவர் விலங்கியலார் அல்லர். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவர். ஆயினும் எந்தச் செய்தியையும் ‘எவ்வளவு? எதன் மீது? எந்த விசையால்?’ என்று கேட்டுப் பார்ப்பது எங்கள் துறையின் பழக்கம். அந்தப் பழக்கம் இங்கும் பயன்படுகிறது.

தோலில் இருப்பவை எவை?

முதலில் பொருளைப் பார்ப்போம். தவளையின் தோல் மெல்லியது, செதிலோ மயிரோ இல்லாதது, எப்போதும் ஈரமானது. அதன் வழியாகவே தவளை பெருமளவு சுவாசிக்கிறது. நீரையும் உப்புகளையும் அதன் வழியாகவே பெறுகிறது. இப்படிப்பட்ட ஈரமான மெல்லிய பரப்பு, பாக்டீரியாக்களுக்கும் காளான்களுக்கும் விருந்து மண்டபம் போன்றது. ஆகவே அதற்குக் காவல் தேவை.

தோலுக்குள் புதைந்து இரு வகைச் சுரப்பிகள் உள்ளன. சளிச் சுரப்பிகள் தோலை ஈரமாக வைத்திருக்கின்றன. துகள் சுரப்பிகள் என்பவை சற்றுப் பெரியவை. இவற்றை நச்சுச் சுரப்பிகள் என்றும் கூறுவர். இவற்றின் உள்ளே சிறு துகள்களாகப் பெப்டைடுகள் சேமிக்கப்பட்டிருக்கின்றன. பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்ட சிறு மூலக்கூறு. புரதத்தின் குட்டித் தம்பி என்று சொல்லலாம். ஒவ்வொரு துகள் சுரப்பியையும் சுற்றித் தசைத்தன்மை கொண்ட செல்களின் உறை ஒன்று இருக்கிறது. தவளை அச்சமடையும்போதோ காயப்படும்போதோ நரம்புத் தூண்டுதலாலும் அட்ரினலின் வகைப் பொருள்களாலும் அந்த உறை சுருங்குகிறது. பற்பசைக் குழாயை அழுத்தினாற்போல், உள்ளே இருப்பது தோலின் மேல் பீச்சப்படுகிறது. ஒருமுறை காலியான சுரப்பி மறுபடி நிறையச் சில வாரங்கள் பிடிக்கும்.

ஆக, இது எப்போதும் திறந்திருக்கும் கடை அன்று. ஆபத்து வந்தால் திறப்பது. ஒருமுறை திறந்தால் சரக்கு தீர்ந்துவிடுவது.

உவமை பிறந்த கதை

இந்த உவமை வெறும் கற்பனையில் பிறந்ததன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பின்னால் நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. இத்தாலி நாட்டு மருந்தியல் அறிஞர் வித்தோரியோ எர்ஸ்பமர் (1909–1999) தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டார். உலகின் பல பகுதிகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான தவளை, தேரை இனங்களின் தோலைப் பெற்று, சாறெடுத்து, அவற்றின் விளைவுகளைச் சோதித்தார்.

அவருடைய பெரும் வெற்றிகளுள் ஒன்று ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையிலிருந்து வந்தது. விலங்கியல் நூல்களில் நெடுங்காலம் லிட்டோரியா சேருலியா என வழங்கிய இனம் இது. உள்ளங்கையை நிரப்பும் அளவு பருத்த, சாதுவான தவளை. 1967ஆம் ஆண்டு அனஸ்தாசி, எர்ஸ்பமர், எண்டீன் ஆகிய மூவரும் இதன் தோலிலிருந்து சேருலின் என்ற பெப்டைடைப் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டனர். அதில் பத்து அமினோ அமிலங்கள். கடைசி ஐந்தும் நம் இரைப்பையில் சுரக்கும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனின் கடைசி ஐந்தோடு அப்படியே ஒத்திருந்தன. பித்தப்பையைச் சுருங்கச் செய்யும் கோலிசிஸ்டோகைனின் என்ற நம் ஹார்மோனோடு ஒப்பிட்டால் ஒற்றுமை இன்னும் நெருக்கம்: கடைசி எட்டில் ஏழு ஒன்றே. விளைவும் அவ்வாறே. சேருலின் பித்தப்பையைச் சுருக்குகிறது. கணையத்தைச் சுரக்கச் செய்கிறது. பித்தப்பை சரியாக இயங்குகிறதா என்று சோதிப்பதற்கு மருத்துவமனைகளில் இது பயன்பட்டதும் உண்டு.

எர்ஸ்பமர் இதோடு நிற்கவில்லை. தவளையின் தோலில் ஒரு பெப்டைடு இருந்தால் அதன் உறவினர் பாலூட்டிகளின் குடலிலோ மூளையிலோ இருக்கக்கூடும் என்று வாதிட்டார். மூளை, குடல், தோல் என்ற முக்கோணம் அது. இந்த ஊகம் பலமுறை பலித்தது. ஐரோப்பியத் தேரை ஒன்றின் தோலில் 1971இல் பாம்பசின் கண்டறியப்பட்டது. 1970களின் இறுதியில் அதன் உறவினர் பன்றியின் இரைப்பையில் அகப்பட்டது. தென் அமெரிக்க இலைத்தவளை ஒன்றிலிருந்து 40 கண்ணிகள் கொண்ட சாவஜின் வந்தது. 1981இல் மூளையின் மன அழுத்த ஹார்மோன் ஒன்று 41 கண்ணிகளோடு அதன் உறவினராக வெளிப்பட்டது. தவளைத் தோலைக் கொண்டு நம் மூளைக்குள் தேடுவதற்கு வழி காட்டியவர் என்ற பெருமை எர்ஸ்பமருக்கு உரியது. ‘மருந்துக்கடை’ என்பதைவிட ‘அகராதி’ என்று சொல்லியிருந்தால் அவருடைய பணிக்கு இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். நம் உடலில் வழங்கும் சொற்களை அவர் தவளைத் தோலில் படித்தார்.

முதற் குறை: கடை யாருக்காக?

மருந்துக்கடை என்றால் வாங்குபவர் ஒருவர் இருக்க வேண்டும். கட்டுரைகளில் அந்த வாங்குபவர் எப்போதும் மனிதர். தவளை எதற்காக இவற்றைச் செய்கிறது என்ற கேள்வி எழுவதே இல்லை.

தவளைக்குப் பித்தப்பைச் சோதனை செய்யும் எண்ணம் கிடையாது. பாம்பு ஒன்று அதைக் கவ்வுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாம்பின் வாயில் திடீரென்று அதன் சொந்த ஹார்மோன்களைப் போன்ற பொருள்கள், இயல்பான அளவைவிடப் பல மடங்கு அதிகமாகப் பாய்கின்றன. பாம்பின் உடல் கொடுக்காத கட்டளைகளைத் தவளை கொடுக்கிறது! 1988இல் வெளியான ஓர் ஆய்வு, ஜெனோப்பஸ் என்ற ஆப்பிரிக்க நீர்த்தவளையின் தோல் சுரப்பு பாம்புகளின் வாயைக் கட்டுப்பாடின்றித் திறக்கவும் அசைக்கவும் செய்வதையும், அந்த நேரத்தில் தவளை தப்பி வெளியேறுவதையும் காட்டியது. ஆகவே ஹார்மோன் ஒற்றுமை என்பது நமக்காக வைக்கப்பட்ட பரிசு அன்று. எதிரியின் பூட்டுக்கு ஏற்ப வெட்டப்பட்ட கள்ளச்சாவி அது. இதற்கு ஒரு சான்றும் உண்டு. ஆஸ்திரேலிய மரத்தவளையும் ஆப்பிரிக்க ஜெனோப்பஸும் மிகத் தொலைவான உறவினர்கள். இரண்டிலும் சேருலின் இருக்கிறது. இரண்டும் அதைத் தனித்தனியாகவே பரிணாமத்தில் அடைந்தன என்று 2010இல் வெளியான மரபணு ஆய்வு காட்டுகிறது. ஒரே பூட்டைத் திறக்க முயன்ற இருவர் தனித்தனியே ஒரே சாவியை வெட்டியது போன்றது இது.

வாங்குபவரை மனிதராக வைத்துக்கொள்வதால் நேரும் இழப்பு இன்னொன்று: ‘மருந்து’ தராத சுரப்புகள் கட்டுரைகளில் இடம் பெறுவதில்லை. தென் அமெரிக்காவின் வறண்ட சாக்கோ பகுதியில் பைலோமெடுசா சாவஜி என்ற இலைத்தவளை வாழ்கிறது. இதன் தோலில் மெழுகுச் சுரப்பிகள் உள்ளன. அது தன் கை கால்களால் அந்த மெழுகை உடல் முழுவதும் துடைத்துப் பூசிக்கொள்கிறது. பிறகு அசையாமல் கிளையில் உட்கார்ந்துவிடுகிறது. நீர் ஆவியாவது அதனால் வெகுவாகக் குறைந்து, ஏறக்குறைய ஒரு பல்லியின் நிலைக்கு வந்துவிடுகிறது. ஆவியாதல் பற்றிய பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டா? மற்றொன்று, மேற்கு ஆஸ்திரேலியாவின் லிட்டோரியா ஸ்பிளெண்டிடா. இதன் ஆண் தவளையின் தலைச் சுரப்பியிலிருந்து வரும் ஒரு பெப்டைடு நீரில் கரைந்து பெண் தவளையை ஈர்க்கிறது என்று 1999இல் தெரிந்தது. இதற்கு ஸ்பிளெண்டிஃபெரின் என்று பெயர். இது மருந்தும் அன்று, நஞ்சும் அன்று, ஒரு கடிதம்.

இரண்டாம் குறை: எல்லாச் சரக்கும் ஒன்றா?

மருந்துக்கடை உவமை எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்கிவிடுகிறது. “தவளையின் நஞ்சு” என்ற ஒரே சொல்லில் பல கட்டுரைகள் அனைத்தையும் முடித்துவிடுகின்றன. உண்மையில் இங்கே முற்றிலும் வேறான மூன்று வகைகள் உள்ளன. இவற்றைப் பிரித்தறிவதில்தான் பாடமே இருக்கிறது.

முதல் வகை ஆல்கலாய்டுகள். மத்திய, தென் அமெரிக்காவின் வண்ணமிகு அம்புத் தவளைகளின் கொடிய நஞ்சு இவ்வகை. இவற்றைத் தவளை தானே முதலிலிருந்து செய்வதில்லை. உண்ணும் எறும்பு, சிற்றுண்ணி போன்றவற்றிலிருந்து பெறுகிறது. ஆகவே கூண்டில் பிறந்து பழ ஈக்களைத் தின்று வளரும் அம்புத் தவளை நஞ்சற்றதாக இருக்கிறது. பெப்டைடுகளோ தவளையின் சொந்த மரபணுக்களிலிருந்து உண்டாகுபவை. ஒன்று வாங்கிய சரக்கு. மற்றது வீட்டில் செய்தது. இரண்டையும் குழப்பும் கட்டுரை, உயிரியலின் ஓர் அடிப்படை வேறுபாட்டையே குழப்புகிறது.

பெப்டைடுகளிலும் இரண்டு வகை உண்டு. சேருலின் போன்றவை நம் செல்களின் மேலுள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் சாவிபோல் பொருந்தி வேலை செய்பவை. மற்றவை எந்தப் பூட்டையும் தேடுவதில்லை. நுண்ணுயிரின் சவ்வையே நேராகத் தாக்குகின்றன. இலைத்தவளைகளின் டெர்மசெப்டின், ஆஸ்திரேலிய மரத்தவளைகளின் கேரின், ஜெனோப்பஸின் மகைனின் ஆகியவை இந்த இரண்டாம் வகை.

இவ்விரண்டையும் வேறுபடுத்த வேதியியலார் கையாண்ட சோதனை மிக அழகானது. அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை என இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். உயிர்களின் புரதங்கள் இடக்கை வடிவத்தாலேயே கட்டப்படுகின்றன. முழுவதும் வலக்கை வடிவத்தால் ஒரு பெப்டைடைச் செயற்கையாகச் செய்தால் என்ன ஆகும்? இடக் காலுக்குச் செய்த செருப்பு வலக் காலில் பொருந்தாதது போல, ஏற்பியில் அது பொருந்தாது. ஆனால் 1990இல் மகைனினை இவ்வாறு முழுவதும் தலைகீழாக்கிச் சோதித்தபோது அது பாக்டீரியாக்களை முன்போலவே கொன்றது! ஆகவே அது கை பார்த்துப் பொருந்தும் பூட்டு எதையும் நாடவில்லை என்பது உறுதியாயிற்று. அதன் இலக்கு சவ்வுதான்.

இதற்கு நேர் எதிரான கதை டெர்மார்பின். 1981இல் பைலோமெடுசா சாவஜியின் தோலில் கண்டறியப்பட்ட இந்தப் பெப்டைடில் ஏழே கண்ணிகள். மார்பின் பொருந்தும் அதே ஏற்பியில் மார்பினைவிட வலுவாக வேலை செய்கிறது. இதன் இரண்டாம் கண்ணி வலக்கை அலனைன். விலங்கின் உடலில் வலக்கைக் கண்ணி கொண்ட பெப்டைடா என்று அறிஞர்கள் வியந்தனர். 1987இல் மரபணுச் செய்தியைப் படித்துப் பார்த்தபோது அங்கே சாதாரண அலனைனுக்கான குறியீடே இருந்தது. சங்கிலி கட்டப்பட்ட பிறகு தவளை அந்த ஒரு கண்ணியை மட்டும் திருப்பிவிடுகிறது. அதைத் திருப்பாமல் விட்டால் டெர்மார்பின் பயனற்றுப்போகிறது. ஒன்றில் எல்லாக் கண்ணிகளையும் திருப்பினாலும் கேடில்லை; மற்றதில் ஒன்றைத் திருப்பாவிட்டாலும் வேலை இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் “இரண்டும் மருந்து” என்று எழுதிச் செல்லும் கட்டுரை, கதையின் சிறந்த பகுதியைத் தூக்கி எறிந்துவிடுகிறது.

சவ்வைத் தாக்குவது எப்படி?

இங்கே இயற்பியலுக்குச் சற்று இடம் தரலாம். மகைனினில் 23 கண்ணிகள். அவற்றுள் நான்கு லைசின்கள். அவை நேர்மின்னூட்டம் கொண்டவை. நீரில் ஒழுங்கின்றி நெளியும் இச்சங்கிலி, சவ்வை அடைந்ததும் திருகுசுருளாக மாறுகிறது. சுருளின் ஒரு பக்கம் நீரை விரும்புவது. மறுபக்கம் எண்ணெயை விரும்புவது. பாக்டீரியாச் சவ்வின் வெளிப்பரப்பில் எதிர்மின்னூட்டம் மிகுதி. நம் செல்களின் வெளிப்பரப்போ பெரும்பாலும் நடுநிலையானது. கொலஸ்டிராலும் அதை உறுதியாக்குகிறது. ஆகவே நேர்மின் பெப்டைடு நம் செல்லை விட்டு பாக்டீரியாவை நோக்கி ஈர்க்கப்படுகிறது. கூலும் விதியின் வேலைதான் இது.

சுருளில் ஒரு கண்ணிக்கு 0.15 நானோமீட்டர் நீளம். 23 கண்ணிகளுக்கு ஏறக்குறைய 3.5 நானோமீட்டர். சவ்வின் தடிப்போ 4 நானோமீட்டர் அளவு. சவ்வைத் துளைக்க ஏறக்குறையப் போதிய நீளம்! சவ்வின் இரு பக்கங்களுக்கிடையே உட்புறம் எதிராக 0.1 வோல்ட் அளவு மின்னழுத்த வேறுபாடு உள்ளது. 0.1 வோல்ட் சிறியதாகத் தோன்றும். ஆனால் அது 4 நானோமீட்டருக்குள் அடங்கியது. வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு 2.5 கோடி வோல்ட்! காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும் என்பதை நினைவில் கொண்டால் இதன் வலிமை புரியும். இந்தப் புலம் நேர்மின் பெப்டைடை உள்நோக்கி இழுக்கிறது. சவ்வு கிழிந்ததும் புலம் சரிகிறது, பாக்டீரியா மடிகிறது. ‘மருந்து’ என்ற சொல் இவற்றுள் எதையேனும் நமக்குக் கற்பித்ததா?

மூன்றாம் குறை: சோதனைத் தட்டும் நோயாளியும்

மூன்றாவது குறை மிகப் பரவலானது. சோதனைத் தட்டில் பாக்டீரியா செத்தது என்ற செய்தி, அடுத்த வரியிலேயே நோயாளி பிழைத்தார் என்பதுபோல் மாறிவிடுகிறது.

மகைனினின் வரலாறே இதற்குப் பாடம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் சாஸ்லோஃப், அறுவை செய்யப்பட்ட ஜெனோப்பஸ் தவளைகள் கலங்கிய தொட்டி நீரிலும் சீழ் பிடிக்காமல் ஆறுவதைக் கவனித்தார். ‘ஏன்?’ என்று கேட்டார். 1987இல் விடையை வெளியிட்டார். கேடயம் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து மகைனின் என்று பெயரிட்டார். பத்திரிகைகள் பெனிசிலினோடு ஒப்பிட்டு எழுதின. அதைச் சிறிது மாற்றிப் பெக்சிகனன் என்ற களிம்பு உருவாக்கப்பட்டு, நீரிழிவு நோயாளிகளின் கால் புண்ணுக்குச் சோதிக்கப்பட்டது. 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி தரவில்லை. ஏற்கனவே உள்ள மருந்துகளைவிட அது சிறந்தது என்று நிறுவப்படவில்லை. மீண்டும் முயன்றார்கள். 2016இல் வெளியான பெரிய சோதனைகளின் முடிவும் தோல்வியே.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். எவ்வளவு என்ற கேள்வியைக் கேட்டால் போதும். இத்தகைய பெப்டைடுகள் பாக்டீரியாவைத் தடுக்க மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் முதல் பல பத்து மைக்ரோகிராம் வரை வேண்டும். பெனிசிலினுக்கு எளிதில் மடியும் பாக்டீரியாவுக்கோ ஒரு மைக்ரோகிராமில் நூறில் சில பங்கே போதும். தவளை தன் தோலின் மீது, மிகச் சிறு பரப்பில், மிகுந்த செறிவில் பெப்டைடைக் கொட்டுகிறது. நம் இரத்தத்தில் அது நீர்த்துப்போகும். புரதங்களைச் செரிக்கும் நொதிகள் வேறு அதை வெட்டிவிடும். இரத்தத்தின் உப்பும் மின்னூட்ட ஈர்ப்பை மங்கச் செய்யும். தவளைக்குப் பொருந்தியது நமக்கும் பொருந்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நம் பக்கத்து மலைகளிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியின் ஹைட்ரோபைலாக்ஸ் பகுவிஸ்தாரா என்ற தவளையின் தோலில், 27 கண்ணிகள் கொண்ட ஒரு பெப்டைடை கேரள, அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் அறிவித்தனர். கேரளத்தின் சுருள்வாளான உருமியை வைத்து உருமின் என்று பெயரிட்டனர். (இது மரத்தவளை அன்று.) இன்ஃப்ளுயன்சா வைரஸ்களில் எச்1 வகையை அது அழித்தது, சுண்டெலிகளைக் காத்தது. சிறப்பான ஆய்வு, ஐயமில்லை. ஆனால் ‘தவளைச் சளி காய்ச்சலைக் கொல்லும்’ என்ற வகையில் செய்தி பரவியபோது மூன்று விவரங்கள் காணாமல் போயின. ஒன்று, சோதித்த 32 பெப்டைடுகளில் நான்கே வைரஸைத் தடுத்தன. அவற்றிலும் மனித இரத்த அணுக்களுக்குக் கேடு செய்யாதது உருமின் ஒன்றே. இரண்டு, எல்லா இன்ஃப்ளுயன்சாவையும் அது தடுக்கவில்லை. மூன்று, காக்கப்பட்டவை எலிகள், மனிதர்கள் அல்லர். இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் செய்தியின் மதிப்பு குறையாது, கூடும்.

நான்காம் குறை: உவமையே நஞ்சாகும்போது

இதுவரை சொன்னவை அறிவுக் குறைகள். அடுத்தது உயிரைப் பற்றியது.

அமேசான் காடுகளில் வாழும் மாட்ஸேஸ் முதலிய பழங்குடியினர், பைலோமெடுசா பைகலர் என்ற பெரிய பச்சை இலைத்தவளையின் சுரப்பை வேட்டைக்குச் செல்லும் முன் பயன்படுத்துவர். தோலில் சிறு சூட்டுப் புண்களை உண்டாக்கி அதன் மேல் தடவுவார்கள். நாடி படபடக்கும், முகம் வீங்கும், கடுமையாக வாந்தி வரும். இந்த வழக்கம் அண்மைக் காலத்தில் ‘காம்போ’ என்ற பெயரில் நகரங்களுக்குப் பரவி, ‘உடலின் கழிவு நஞ்சுகள் எல்லாம் வெளியேறுகின்றன’ என்ற விளம்பரத்தோடு நடத்தப்படுகிறது. இதற்குத் துணையாக நிற்பது எது? “இதில் எத்தனையோ மருந்துப் பெப்டைடுகள் உள்ளன என்று அறிவியலே சொல்கிறதே” என்ற வாக்கியம்தான்.

அறிவியல் சொல்வது வேறு. இந்தச் சுரப்பில் சேருலினின் உறவினர் இருக்கிறது. குடல் தசையைச் சுருக்குகிறது. இரத்தக் குழாய்களை விரிக்கும் பெப்டைடுகள் இருக்கின்றன. இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துகின்றன. ஆகவே வாந்தி என்பது உள்ளே இருந்த நஞ்சு வெளியேறும் அடையாளம் அன்று. இப்போது உள்ளே செலுத்திய பொருள் வேலை செய்யும் அடையாளம். பாம்பின் வாயில் நடப்பதுதான் மனித உடலிலும் நடக்கிறது. இதனால் உயிரிழப்புகளும் பதிவாகியுள்ளன. பிரேசில் அரசு இதன் மருத்துவப் பெருமையை விளம்பரம் செய்வதை 2004இல் தடை செய்தது. ஆஸ்திரேலியா 2021இல் இதைத் தடைசெய்யப்பட்ட நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தது. பழங்குடியினரின் அறிவை இகழ்வது நம் நோக்கமன்று. அவர்கள் இதற்கு வைத்த பயன் வேறு, சூழல் வேறு. அதை நகரத்து விளம்பரமாக்கியவர்களுக்கு, ‘மருந்துக்கடை’ என்று அளவின்றி எழுதியவர்களும் தெரியாமல் துணை போனார்கள் என்பதே நம் குற்றச்சாட்டு.

ஐந்தாம் குறை: கேடயமும் கிழியும்

கடைசியாக ஒரு கேள்வி. தோலில் இத்தனை நல்ல காவல் இருந்தால் தவளைகள் ஏன் அழிகின்றன?

பட்ராக்கோகைட்ரியம் என்ற தோல் காளான் 1999இல் பெயரிட்டு விவரிக்கப்பட்டது. 2019இல் வெளியான ஓர் ஆய்வுக் கணக்கின்படி இந்நோயால் 501 இனங்கள் நலிந்துள்ளன. அவற்றுள் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம். இக்காளான் கொல்லும் விதம் 2009இல் தெளிவாயிற்று. அந்த ஆய்வுக்குப் பயன்பட்டது வேறெதுவும் அன்று. சேருலினைத் தந்த அதே ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை! நோயுற்ற தவளையின் தோலில் உப்பு அயனிகள் கடத்தப்படுவது பாதிக்கும் கீழே குறைந்தது. இரத்தத்தில் சோடியம் ஏறக்குறைய 20 சதவீதமும் பொட்டாசியம் ஏறக்குறைய 50 சதவீதமும் தாழ்ந்தன. முடிவில் இதயம் நின்றது.

மரத்தவளைகளின் பெப்டைடுகள் பல, ஆய்வுக்கூடத்தில் இதே காளானைத் தடுக்கின்றன. வலுவான பெப்டைடு உடைய இனங்கள் நோயை நன்றாகத் தாங்குகின்றன என்று ஆஸ்திரேலியத் தவளைகளைப் பற்றி 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே கேடயம் பொய்யன்று. ஆனால் கேடயம் இருப்பதாலேயே போரில் வெற்றி உறுதியாகிவிடாது. மருந்துக்கடை உவமையைப் படித்து வளரும் மாணவர், தவளை நோயே அறியாத உயிர் என்று எண்ணிக்கொள்வார். உண்மையில் முதுகெலும்பிகளுள் மிகப் பெரிய ஆபத்தில் இருக்கும் கூட்டம் அதுவே.

“எதிர்கால மருந்துக்காகத் தவளைகளைக் காப்போம்” என்று இக்கட்டுரைகள் முடிவதும் வழக்கம். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த வாதத்தின்படி, மருந்து தராத தவளையைக் காக்க வேண்டியதில்லை என்றாகிறது. பெக்சிகனன் தோற்ற நாளில் ஜெனோப்பஸின் மதிப்பு குறைந்துவிட்டதா? பூச்சிகளை உண்டு, பாம்புக்கும் பறவைக்கும் உணவாகி, குளத்தையும் மரத்தையும் இணைக்கும் உயிர் அது. அதன் இடம் நம் மருந்துப் பட்டியலைச் சார்ந்ததன்று.

எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும்

குறைகளை மட்டும் அடுக்கி முடிப்பது நேர்மையாகாது. உவமையே வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. ஏற்பியில் பொருந்தும் பெப்டைடுக்குக் கள்ளச்சாவி, சவ்வைத் துளைப்பதற்கு ஊசி, பெண்ணை அழைப்பதற்குக் கடிதம், நீரைக் காக்கும் மெழுகுக்குப் போர்வை என்று அந்தந்தப் பொருளுக்கு அந்தந்த உவமையைக் கையாளலாம். ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் திணிக்கும்போதுதான் கேடு வருகிறது.

முறைகளும் மாறியுள்ளன என்பதை எழுதுவோர் குறிப்பிட வேண்டும். எர்ஸ்பமர் காலத்தில் தோல்களை உரித்து, உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் டைலர் குழுவினர் 1992இல் ஒரு மென்மையான மின்தூண்டல் முறையை வெளியிட்டனர். சுரப்பி தானே சுரந்துவிடுகிறது. அதைக் கழுவி எடுத்துக்கொண்டு தவளையை உயிரோடு விட்டுவிடலாம். பெப்டைடின் அமைப்பை அறியச் சில துளிகளே இன்று போதும்.

அடுத்த முறை ‘தவளைத் தோலில் அரிய மருந்து’ என்ற தலைப்பைக் காணும் மாணவர்கள் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். எந்த இனம், உண்மையிலேயே மரத்தவளையா? பொருள் பெப்டைடா, ஆல்கலாய்டா? ஏற்பியில் வேலை செய்கிறதா, சவ்வையா தாக்குகிறது? எவ்வளவு செறிவில்? சோதனை தட்டிலா, எலியிலா, மனிதரிலா? மனிதரில் என்றால், எதோடு ஒப்பிட்டார்கள்? தவளை அதை எதற்காகச் சுரக்கிறது? இந்த ஏழுக்கும் விடை தரும் கட்டுரை தலைப்பு எப்படி இருந்தாலும் படிக்கத்தக்கது. மூன்றுக்குக் கூட விடை தராத கட்டுரையை நறுக்கி நோட்டில் ஒட்டிவைக்க வேண்டிய அவசியம் இல்லை.